அஷ்ரப்: கிட்டங்கிக்கு மேற்கிலிருந்து ஒரு பார்வை

வருடந்தோறும் செப்டெம்பர் 16ஆந் திகதி நெருங்கும்போது கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோர முஸ்லிம் ஊர்களில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களுக்கான நினைவுக் கூட்டங்கள் இடம்பெறுவது வழக்கம். சுவரொட்டிகளில் 'பெருந்தலைவர்' என்ற அடைமொழியுடன் அவர் புன்னகைப்பார். அவர் தொடங்கிய கட்சியிலிருந்து பிரிந்து சென்றவர்களும் அதே புகைப்படத்தையே பயன்படுத்துவர். தமிழர் தரப்பு எழுத்துக்களில் அவர் பற்றி வேறொரு சித்திரம் உண்டு. தமிழ் பேசும் மக்கள் என்ற ஒற்றைக் குடையை உடைத்தவர் என்பது அதன் சாரம். இவ்விரண்டு சித்திரங்களுக்கும் இடையில் அந்த மனிதரும் அவரது காலமும் காணாமற் போய்விட்டதாகவே எனக்குத் தோன்றுவதுண்டு.

நான் சொறிக்கல்முனையைச் சேர்ந்தவன். கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே வந்தால் வயல்களுக்கு நடுவே வரும் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் அது. நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் எமக்குக் கல்முனை இல்லை. நெல் விற்பதற்கும், மருந்து வாங்குவதற்கும், வழக்குப் பேசுவதற்கும் எங்கள் மூத்தோர் நம்பியிருந்தவை கல்முனையும் சம்மாந்துறையுமே. அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம் என்பது 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு. அந்தப் பதினேழு வீதத்துக்குள் இருந்துகொண்டு அஷ்ரப்பின் அரசியல் வாழ்வைப் பார்த்தால் புலப்படும் சில விடயங்களையே இங்கு எழுத விழைகிறேன்.

அவரிடமிருந்து தொடங்கினால் கதை விளங்காது. 1956க்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் கல்முனைத் தொகுதியில் தமிழரசுக் கட்சி சார்பில் போட்டியிட்டு வென்றவர் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர். பொத்துவிலில் அதே கட்சியின் சார்பில் வென்றவர் எம்.எம். முஸ்தபா. தந்தை செல்வாவின் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற கோட்பாட்டுக்கு இவ்விருவரின் வெற்றியும் சான்றாகக் காட்டப்பட்டது. இருவரும் அதிக காலம் அக்கட்சியில் நிலைக்கவில்லை. 1960 யூலைத் தேர்தலில் கல்முனையில் தமிழரசுக் கட்சி எம்.சி. அகமதுவை நிறுத்தி வென்றது. அவரும் பின்னர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குச் சென்றுவிட்டார். (காரியப்பர் 1965இல் மீண்டும் வென்றதும், இலஞ்ச விசாரணை ஆணைக்குழுவின் முடிவுகளைத் தொடர்ந்து அவரது குடியுரிமைகளைப் பறிக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டதும், அவர் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1967இல் தோற்றதும் தனிக் கட்டுரைக்குரியவை. நமது சட்ட மாணவர்கள் இன்றும் அவ்வழக்கைப் படிக்கின்றனர்.)

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்தக் கட்சித் தாவல்களைத் துரோகம் என்றே பேசி வந்தனர். பத்திரிகைத் துறைக்கு வந்த பின்னர்தான் இதன் மறுபக்கத்தை நான் ஆராயத் தலைப்பட்டேன். கிழக்கு முஸ்லிம் விவசாயிக்குக் காணி அனுமதிப் பத்திரமும், வாய்க்கால் தண்ணீரும், பிள்ளைக்கு ஆசிரியர் நியமனமும் கொழும்பில் ஆட்சியிலுள்ள கட்சியிடமிருந்தே வரவேண்டியிருந்தன. எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்து கொள்கை பேசும் உறுப்பினர் அவனுக்குப் பயன்படவில்லை. கல்லோயாத் திட்டத்தின் கீழ் 1949 முதல் குடியேற்றங்கள் பெருகி, 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னர் இந்தத் தங்கியிருத்தல் இன்னும் கூடிற்று. தமிழரசுக் கட்சி முஸ்லிம் வேட்பாளர்களைத் தேடியது. முஸ்லிம் கிராமங்களின் அன்றாடத் தேவைக்கு என்ன பதில் என்று அது போதியளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். கல்முனை வெஸ்லியில் பயின்றார். மெதடிஸ்த மிஷனரிமாரின் அந்தப் பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த காலம் அது. சட்டக் கல்லூரி சென்று சட்டத்தரணியானார், சிறிது காலம் அரச சட்டத்தரணியாகவும் கடமையாற்றினார். கவிதையும் எழுதினார். 1999இல் வெளிவந்த 'நான் எனும் நீ' அவரது கவிதைத் தொகுதியாகும். பிற்காலத்தில் அவர் மேடைகளில் பேசிய தமிழுக்கு ஒரு தனி ஈர்ப்பு இருந்தது. நான் செய்தி சேகரிக்கச் சென்ற கூட்டங்களில், அவரை ஏற்காதவர்களும் பேச்சு முடியும்வரை எழுந்து போகாமல் நின்றதைக் கண்டிருக்கிறேன்.

அவரது அரசியல் பிரவேசம் தமிழர் அரசியலின் பக்கத்திலேயே நிகழ்ந்தது என்பதை இளைய தலைமுறை அறியாதிருக்கலாம். 1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தபோது, அதனைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் செல்வநாயகம். ஆளுங்கட்சி முஸ்லிம் உறுப்பினர்கள் மௌனமாக இருந்தனர். இந்த வெப்பத்தில் உருவானதே முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி. இளம் சட்டத்தரணி அஷ்ரப் அதன் முன்னணிச் செயற்பாட்டாளராக இருந்தார். 1977 தேர்தலில் அம்முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் உடன்பாடு கண்டு, கூட்டணியின் சின்னத்தில் வேட்பாளர்களை நிறுத்தியது. அண்ணன் அமிர்தலிங்கத்தால் ஈழத்தைப் பெற முடியாவிட்டாலும் தம்பி அஷ்ரப் பெற்றுத் தருவான் என்ற கருத்தில் அவர் அன்று மேடையில் முழங்கியதாக இன்றும் மேற்கோள் காட்டுவர். அவரைக் குத்திக்காட்ட விரும்புவோரே அதனைப் பெரும்பாலும் நினைவூட்டுவது வழக்கம்.

தேர்தல் முடிவு வேறுவிதமாக அமைந்தது. கூட்டணியின் சின்னத்தில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் ஒருவரும் வெல்லவில்லை. கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூரும், சம்மாந்துறையில் அதே கட்சியின் எம்.ஏ. அப்துல் மஜீதும் வென்றனர். இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலில் ஐ.தே.க.வின் ஜலால்தீனுடன் கூட்டணியின் தமிழ் வேட்பாளர் கனகரத்தினம் தெரிவானார். அவரும் சில மாதங்களில் அரசாங்கத்துடன் இணைந்துகொண்டார்.

முஸ்லிம் மக்கள் ஈழக் கோரிக்கைக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்பது 1977இல் அஷ்ரப்புக்குத் தெளிவாயிற்று. அதற்காக அவர் உடனடியாகத் தேசியக் கட்சிகளின் பக்கம் சாய்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.தே.க.வின் வாசல் அவருக்கு அன்று இலகுவாகவே திறந்திருக்கும். அவர் செல்லவில்லை.

ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில் அகமது லெப்பை என்பவரின் தலைமையில் ஒரு பிராந்திய இயக்கமாகவே ஆரம்பிக்கப்பட்டது. 1985 ஏப்ரலில் காரைதீவிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழ் முஸ்லிம் வன்செயல் மூண்டது. இரு தரப்பிலும் மக்கள் அகதிகளாயினர். அந்தக் கொந்தளிப்பின் பின்னர் அஷ்ரப் கல்முனையை விட்டுக் கொழும்பில் குடியேறினார். 1986 நவம்பரில் கொழும்பில் நடைபெற்ற மாநாட்டில் முஸ்லிம் காங்கிரஸை நாடு தழுவிய அரசியற் கட்சியாக மாற்றித் தலைமையை ஏற்றார். 1988 பெப்ரவரியில் தேர்தல் ஆணையாளர் அதனை அங்கீகரித்தார். சின்னம் மரம்.

இடையில் 1987 யூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்த அந்த ஒப்பந்தம் குறித்து கிழக்கு முஸ்லிம்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தனிக் கிழக்கு மாகாணத்தில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். இணைந்த வடகிழக்கில் ஆறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கள். ஒரே இரவில் ஒரு சமூகத்தின் அரசியல் நிறை பாதியாகக் குறைந்தது. கொழும்பும், டில்லியும், ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கங்களும் இதைக் கவனத்திற் கொள்ள மறந்தன. அஷ்ரப்பின் எழுச்சிக்கான முதற் காரணம் இதுவே என்பது எனது துணிபு. அவர் அன்று முன்வைத்த முஸ்லிம் மாகாண சபைக் கோரிக்கையில் நிலத்தொடர்பற்ற பகுதிகளை ஒரே அலகாக்கும் யோசனை இருந்தது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் காரைக்கால், மாஹே, யானம் ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட புதுச்சேரியே அதற்கு முன்மாதிரி. அப்போது இதைக் கேலி செய்த தமிழ்ப் பத்திரிகையாளர்களை நான் அறிவேன். புதுச்சேரியோ இன்றும் அவ்வாறேதான் நிர்வகிக்கப்படுகிறது.

1988 நவம்பர் 19இல் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. விடுதலைப் புலிகள் அதனைப் புறக்கணிக்கும்படி கோரினர். தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. அஷ்ரப் அதில் தமது கட்சியை இறக்கினார். 71 ஆசனங்களில் ஈ.பி.ஆர்.எல்.எப். 41, ஈ.என்.டி.எல்.எப். 12, ஐ.தே.க. 1, முஸ்லிம் காங்கிரஸ் 17. கட்சி பிறந்து இரண்டே ஆண்டுகளில் கிடைத்த இம்முடிவே அவரை ஒரு கணக்காகக் கொழும்புக்கு அறிமுகப்படுத்தியது.

அடுத்த மாதமே அந்தக் கணக்கை அவர் பயன்படுத்தினார். இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஒரு தேர்தல் மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் ஆசனம் கிடையாது. நாடெங்கும் சிறு சிறு திரளாக வாழும் முஸ்லிம்களைத் தனிக் கட்சியின் கீழ்த் திரட்ட நினைத்தவருக்கு இது பெரும் மதில். 1988 டிசெம்பர் 19 ஜனாதிபதித் தேர்தல். ஐ.தே.க. வேட்பாளர் ஆர். பிரேமதாசவுக்கு ஒவ்வொரு வாக்கும் அவசியமாயிருந்தது. அஷ்ரப் அவரிடம் கேட்டது வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைக்க வேண்டும் என்பது. தேர்தலுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, டிசெம்பர் 17இல், அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

அமைச்சுப் பதவியோ பணமோ கேட்கப்படும் பேரங்களையே நாங்கள் செய்தியாக எழுதிப் பழகியிருந்தோம். சட்டத்தின் ஓர் எண்ணை மாற்றித் தரும்படி கேட்ட அரசியல்வாதியை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. 1989 பெப்ரவரி 15 பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. திகாமடுல்லவிலிருந்து அஷ்ரப் பாராளுமன்றம் சென்றார். அப்போது அவருக்கு வயது 40. அதே ஐந்து வீதத்தால் பின்னாளில் மக்கள் விடுதலை முன்னணி உட்படப் பல சிறு கட்சிகள் பயனடைந்தன.

1990ஐப் பற்றி அதிகம் எழுத மனம் ஒப்பவில்லை. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். ஒன்பது நாட்களின் பின்னர், ஓகஸ்ட் 12இல், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தோரை மட்டுமே எண்ணிய காலம் அது. கிட்டங்கித் தாம்போதி வெள்ளமில்லாமலே மூடிக் கிடந்ததைப் போலிருந்தது. இதன்பின் முஸ்லிம்களுக்குத் தனி அரசியல் எதற்கு என்று அஷ்ரப்பிடம் கேட்கும் தகுதி தமிழர் தரப்பில் எவருக்கும் இருக்கவில்லை.

1994 ஓகஸ்ட் 16 பொதுத் தேர்தலுக்கு முன்னர் சந்திரிகா குமாரதுங்கவுடன் அவர் உடன்பாடு செய்துகொண்டார். முடிவுகளில் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. மலையகத்தின் சந்திரசேகரனுடைய ஓர் ஆசனமும் சேர்ந்தபோது 225 பேர் கொண்ட சபையில் 113. பதினேழு ஆண்டு ஐ.தே.க. ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது இந்த ஒற்றை எண் பெரும்பான்மையே. கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனர்நிர்மாண அமைச்சராக அவர் பதவியேற்றார்.

அமைச்சராக அவர் செய்தவற்றுள் நிலைத்து நிற்பது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்தச் சூழலில் மட்டக்களப்பு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல இயலாதிருந்த மாணவர்களுக்காக, 1995 ஒக்டோபர் 23இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. அன்று அவரது பிறந்த தினம். 1996 மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவில் துறைமுகமும் அவரது கனவே. அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின்னர் டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகம், அவர் எண்ணியபடி வணிகத் துறைமுகமாக இயங்கவில்லை. மணல் அதன் வாயை மூடியது, அருகிலுள்ள கரையைக் கடல் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோட்டங்களை இழந்தவர்கள் அதனால் நொந்துபோயுள்ளனர்.

துறைமுக அதிகார சபையில் தம் பகுதி இளைஞர்களுக்கு அவர் பெருமளவில் வேலை வழங்கினார் என்ற விமர்சனமும் எழுந்தது. அது உண்மையே. அதற்கு முன்னிருந்த அமைச்சர்கள் தத்தம் தொகுதிகளுக்குச் செய்தபோது அது விமர்சனமாகாமல், அவர் செய்தபோது மட்டும் தலைப்புச் செய்தியானது ஏன் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இனி எனக்கு உறுத்தலான பகுதிக்கு வருகிறேன். சந்திரிகா அரசின் அரசியல் தீர்வு யோசனைகள் பேசப்பட்ட காலத்தில், கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளையும் கொண்ட தென்கிழக்கு அலகு ஒன்றை அஷ்ரப் வலியுறுத்தினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக அமையும் அலகு. சொறிக்கல்முனை, வீரமுனை, காரைதீவு, திருக்கோவில், தம்பிலுவில் யாவும் அதற்குள்ளேயே வரும். அங்கு வாழும் தமிழரிடம் எவர் கருத்துக் கேட்டார்? வடகிழக்கு இணைப்பின்போது தம் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பதே அவரது நியாயமான முறைப்பாடு. அதே முறைப்பாட்டை எங்கள் கிராமங்களும் அவரிடம் வைக்க இடமிருந்தது. தமிழர் தலைமையோ தென்கிழக்கு அலகை எதிர்த்ததேயன்றி, அம்பாறைத் தமிழருக்கு அதற்கு மாற்றாக எதையும் வரைந்து காட்டவில்லை.

இந்த முடிச்சை அவரும் உணர்ந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். தமது இறுதி ஆண்டுகளில் தேசிய ஐக்கிய முன்னணி என்ற புதிய கட்சியை அமைத்தார். 2012ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு, எல்லா இனத்தவரையும் உள்ளடக்கிய ஐக்கிய இலங்கை என்ற கருத்தை முன்வைத்தார். தீகவாபி தொடர்பான சர்ச்சையின்போது, 1999இல், கங்கொடவில சோம தேரருடன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார். சிங்கள மக்களிடம் நேரடியாகப் பேச முனைந்த முஸ்லிம் காங்கிரஸ் தலைவரை அன்றுதான் நாடு கண்டது. முஸ்லிம்களின் வாக்குகளை மட்டும் எண்ணி ஆட்சிகளை அமைக்கலாம், நாட்டை மாற்ற முடியாது என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார் என்பது எனது கணிப்பு. அதிகார ஆசையின் அடுத்த படி என்று சொன்னவர்களும் உண்டு. சோதித்துப் பார்க்கக் காலம் இடம் கொடுக்கவில்லை.

2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. ஒக்டோபர் 10 தேர்தலுக்கான பிரசாரம் உச்சத்தில் இருந்தது. ஆளும் முன்னணியுடனான அவரது உறவு அப்போது கசந்திருந்தது. கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட விமானப் படை ஹெலிகொப்டர், கேகாலை மாவட்டம் அரநாயக்க மலைப் பகுதியில் வீழ்ந்தது. அவருடன் பயணித்த எவரும் உயிர்தப்பவில்லை. அவருக்கு 52 வயது பூர்த்தியாக இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. செய்தி ஆசிரியர் பீடத்துக்கு எட்டியபோது முதலில் தொடர்பு அறுந்தது என்றுதான் சொன்னார்கள். அன்று மாலைக்குள் அடுத்த நாள் முதற் பக்கத்தை மூன்று தடவை மாற்ற நேர்ந்தது. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கரையோர மக்களின் சந்தேகம் அதனால் தீரவில்லை.

பின்னர் நடந்தவை அநேகருக்குத் தெரிந்தவையே. தலைமை ரவூப் ஹக்கீமிடம் சென்றது. 2001 யூனில் முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் விலகியதும் சந்திரிகா அரசு பெரும்பான்மையை இழந்தது. அஷ்ரப் கற்றுக்கொடுத்த கணக்கு அவர் இல்லாமலும் வேலை செய்தது. பேரியல் அஷ்ரப், அதாவுல்லா, ரிஷாத் பதியுதீன் என ஒவ்வொருவரும் தனித்தனிப் பாதையிற் சென்றனர். 2002 பெப்ரவரி யுத்தநிறுத்த உடன்படிக்கையிலோ, கடற்கோளின் பின்னர் 2005 யூனில் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பிலோ முஸ்லிம்கள் ஒரு தரப்பாக ஒப்பமிடவில்லை. கடற்கோளில் பல்லாயிரவரைப் பலிகொடுத்தது அம்பாறைக் கரை. 1987இன் தவறு அச்சொட்டாக மீண்டும் நிகழ்ந்தது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2010 பொதுத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு திகாமடுல்லவில் பெற்றது 26,895 வாக்குகள், ஏறத்தாழப் பத்தரை வீதம். பழைய 12.5 வீத வெட்டுப்புள்ளி நீடித்திருந்தால் அம்பாறைத் தமிழருக்கு அன்று ஆசனமே இல்லை. 1988 டிசெம்பரில் அஷ்ரப் பிரேமதாசவிடம் பேசிப் பெற்ற ஐந்து வீதத்தால்தான் பியசேன பாராளுமன்றம் சென்றார். சென்றவர் அதே ஆண்டு செப்டெம்பரில் 18ஆவது திருத்தத்துக்கு ஆதரவளித்து அரசாங்கப் பக்கம் போய்விட்டார். 1956இல் காரியப்பரைத் துரோகி என்ற எங்கள் ஊர்களில், பியசேனவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இன்றும் பெரியவர்கள் வேறு விடயத்துக்கு மாறிவிடுவர். 2020இல் தமிழ் வாக்குகள் தமிழரசுக் கட்சிக்கும் கருணா தரப்புக்குமிடையில் பிளவுண்டு, மாவட்டத்தில் ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. 2024இல் தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனம் திரும்பக் கிடைத்தது.

கல்முனையில் இன்று இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. தெற்கே உள்ளது அஷ்ரப்பின் பெயரைத் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை. அதைப் பெரும்பாலும் முஸ்லிம்களும், வடக்கே உள்ளதைப் பெரும்பாலும் தமிழர்களும் நாடுகின்றனர். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தித் தனிச் செயலகமாக்க வேண்டுமெனக் கோரி 2019 யூனில் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். எல்லைகள் எங்கே, காணிகள் யாருடையவை, நகரின் வருமானம் யாருக்கு என்று முஸ்லிம் தரப்பு கேட்கிறது. எங்களைக் கேட்காமல் எங்களை நிர்வகிக்கலாமா என்று தமிழர் தரப்பு கேட்கிறது. அமைச்சர்கள் வருகின்றனர், வாக்குறுதி அளிக்கின்றனர், கோப்பு ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு நகர்கிறது. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் தத்தம் மனுக்களில் முன்வைக்கும் வாதங்களை 1987க்குப் பின்னர் அஷ்ரப் ஆற்றிய உரைகளிலேயே தேடி எடுத்துக்கொள்ளலாம்.